எந்தச் செட்டிகுளம்?

கப்பலில் போகிறவர்கள் ஊர் பார்ப்பது ஒரு விசித்திரமான காரியம். ரயிலில் போனால் ஊர் நமக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். முதலில் வயல், பிறகு செங்கல் சூளை, அப்புறம் வீடுகளின் கொல்லைப்புறம், துணி காயும் கொடி, கடைசியில் ஸ்டேஷன். கப்பலில் அந்த மரியாதை கிடையாது. இரவு படுக்கும்போது நாலு பக்கமும் தண்ணீர். காலையில் எழுந்து திரையை விலக்கினால் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஊர் வந்து நிற்கிறது. அதை நாம் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியலாம். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு இரவல் வாங்கின நகை மாதிரிதான்.

ஒரு பகலில் ஓர் ஊரைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஆயுள் முழுவதற்கும் தீர்மானம் செய்துகொண்டு வருகிறார்களே! நானும் என் மனைவியும் அப்படிச் செய்துகொண்டவர்கள்தாம். ஆகவே ஒரு பகலைக் குறைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் செட்டிகுளம். அவள் எனக்கு மாமன் மகள். அவளுக்கும் அதே ஊர். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற பெருஞ்சாலையில் ஆலத்தூர் கேட்டில் இறங்கி மேற்கே திரும்பினால் வந்துவிடும். கீழே ஏகாம்பரேசுவரரும் காமாட்சியும் இருக்கிறார்கள். குன்றின்மேல் தண்டாயுதபாணி. எங்கள் முருகன் கையில் வேல் கிடையாது, கரும்பு வைத்திருக்கிறான். ஆயுதத்தை இறக்கி வைத்துவிட்டுக் கரும்போடு நிற்கிற சாமி எங்கள் ஊர்ச் சாமி என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வியாபாரத்துக்குப் போன செட்டி ஒருவர் கடம்பவனத்தில் இரவு தங்கியபோது லிங்கத்தைக் கண்டார், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது தவிர எங்கள் ஊருக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்குமானால் அது சின்ன வெங்காயத்தால் வந்தது. அறுவடை முடிந்தால் வயலோரங்களில் பட்டறை போட்டு வைத்திருப்பார்கள். காற்று புகும்படி தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, மேலே கூரை வேய்ந்து, விலை ஏறுகிறவரையில் வெங்காயத்தைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்ப்பார்கள். மகளுக்கு வரன் தேடும் தகப்பனுக்குக்கூட அவ்வளவு பொறுமை இராது.

கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இதையெல்லாம் கேட்டால் தோன்றும். ஆனால் பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து எத்தனை குடும்பங்கள் மண்டபம் வரையில் போய், அங்கே முகாமில் காத்துக் கிடந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறின! ரஜுலா என்ற கப்பல் 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர்களில் ஒருவராவது வேடிக்கை பார்ப்பதற்காகக் கப்பல் ஏறியிருக்க மாட்டார்கள். வயிற்றுக்காகப் போனார்கள். கடல் என்றால் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு இன்னும் அழுகைதான் ஞாபகத்துக்கு வரும். வேடிக்கை பார்ப்பதற்கென்றே கப்பல் ஏறுகிற காலம் எங்கள் தலைமுறையில்தான் வந்தது.

2023 ஜூன் 5-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஒன்று முதல் தடவையாகப் புறப்பட்டது. எம்ப்ரஸ் என்று பெயர். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளைத் தொட்டுக்கொண்டு திரும்பும் ஏற்பாடு. அதே ஆண்டில் எங்கள் மகன் இரண்டு டிக்கெட்டுகளை வாங்கி அனுப்பிவிட்டான். என் மனைவி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உலகப் படத்தைக் காட்டியவள். அந்த உலகத்தில் வேளாங்கண்ணிக்கு அப்பால் ஓர் அடி வைத்ததில்லை. “வாத்தியாரம்மா, இனிமேல் நீங்களே போய்ப் பாருங்கள்” என்று கடிதம் எழுதியிருந்தான்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1990-ல் பிரான்சில் கட்டியது. பதினோரு தளம். ஒரு தளத்தில் ஆட்டம், ஒரு தளத்தில் பாட்டு, எல்லாத் தளத்திலும் சாப்பாடு. என் மனைவி முதல் நாள் ராத்திரி வரிசை வரிசையாக வைத்திருந்த பதார்த்தங்களைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்துவிட்டு, “ஏங்க, இவ்வளவு பேருக்கும் யாருங்க வெங்காயம் உரிக்கிறாங்க?” என்று கேட்டாள். செட்டிகுளத்துப் பெண்ணுக்குக் கப்பல் கட்டும் சாஸ்திரம் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் உழைப்பு இருக்கிறது என்பது தெரியும்.

திருகோணமலை வந்த அன்று காலை நாங்கள் இருவரும் விடிவதற்கு முன்பே மேல் தளத்துக்குப் போய்விட்டோம். துறைமுகம் என்றால் கடலுக்குள் சுவர் கட்டி, அலையை மறித்து, மனிதர்கள் பாடுபட்டு உண்டாக்குவது என்றுதான் சென்னையைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும். இங்கே மனிதர்களுக்கு வேலையே இல்லை. மலைகள் தாமாகவே நாலு பக்கமும் வந்து குந்திக்கொண்டு, நடுவில் கடலைக் குளமாக்கி வைத்திருக்கின்றன. இப்படி ஒரு பாதுகாப்பான இடம் இருந்தால் சும்மா விடுவார்களா? போர்த்துக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்தார்கள், ஆங்கிலேயர் 1957 வரையில் தங்கள் கடற்படையை இங்கேதான் கட்டிப் போட்டிருந்தார்கள். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானியர் ஆகாயத்திலிருந்து குண்டு போட்டார்கள். அழகான பெண்ணைப் பெற்றவன் வீட்டுக்கு நிம்மதி ஏது?

கரையில் இறங்கியதும் பிரயாணிகள் தங்களுக்கென்று ஏற்பாடாகியிருந்த பஸ்களில் ஏறிக்கொண்டார்கள். கோயில் ஒன்றரை மணி, கடற்கரை இரண்டு மணி, கடை வீதி ஒரு மணி என்று கணக்கு. சாயங்காலம் 4 மணிக்குள் எல்லோரும் துறைமுக வாசலில் இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. என் மனைவி பஸ்ஸின் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பமாகியிருந்தது. “இதுக்குக் கப்பல்லேயே இருந்திருக்கலாம்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்து ஓர் ஆட்டோவைப் பிடித்தோம்.

ஓட்டியவன் இளைஞன், இருபத்தைந்து வயது இருக்கும். பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. நியாயமான தொகையைச் சொன்னான். பேச்சில் ஒரு தணிவு இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசியில் ஒரு கட்டமான கோலத்தைக் காட்டி, “இதைக் காட்டினால்தான் பெட்ரோல், ஐயா. வாரத்துக்கு இவ்வளவு எண்டு கணக்கு” என்றான். 2022-ல் அந்த நாடு கையில் காசில்லாமல் திண்டாடியபோது, பெட்ரோலுக்காக நாள் கணக்கில் சனங்கள் வரிசையில் நின்றதைப் பத்திரிகைகளில் பார்த்திருந்தோம். அதற்காக வந்த ஏற்பாடு இது. அவனும் இரண்டு ராத்திரி ஆட்டோவிலேயே படுத்து வரிசையில் இடத்தைக் காப்பாற்றியிருக்கிறான். “வரிசையில் நிக்கிறது எங்களுக்குப் பழக்கம்” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதலில் கோணேசர் கோயில். கோயிலுக்குப் போகிற வழி ஃபிரெடெரிக் கோட்டைக்குள்ளாகப் போகிறது. கோட்டை வாசலில் சிப்பாய்கள் இருக்கிறார்கள். உள்ளே புள்ளிமான்கள் நடமாடுகின்றன. அவை சிப்பாய்களையும் பக்தர்களையும் ஒரே மாதிரி பார்க்கின்றன. கோயில் இருப்பது கடலுக்குமேல் செங்குத்தாக நிமிர்ந்த பாறையின் உச்சியில். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய தலம். 1622-ல் போர்த்துக்கீசியத் தளபதி கான்ஸ்டன்டைன் டி சா இதை இடித்துத் தள்ளினான். இடித்த கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். நாங்கள் சற்று முன் நுழைந்து வந்தது அந்தக் கோட்டைதான். கும்பிட வருகிறவன் கோயில் கல்லைக் கடந்துதான் கோயிலுக்கு வருகிறான்!

ஆனால் கல்லுக்கும் கடலுக்கும் மறதி கிடையாது போலிருக்கிறது. 1950-ல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956-ல் ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்ஸனும் பாறையின் அடியில் கடலுக்குள் முழுகித் தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டார்கள். 1963-ல் கோயில் மறுபடியும் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது. முன்னூற்று நாற்பது வருஷம் சாமி காத்திருந்தார். மனிதனால் அது முடிகிற காரியமா?

பாறை விளிம்பில் ஒரு மரம். அதில் சின்னஞ் சிறு தொட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டவர்களின் பிரார்த்தனை. கீழே, தலை சுற்றுகிற ஆழத்தில், கடல் பச்சையாகவும் நீலமாகவும் புரண்டுகொண்டிருந்தது. என் மனைவி வெகு நேரம் அந்தத் தொட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஆறு வருஷம் எங்கள் வீட்டில் தொட்டில் ஆடாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவள் குன்றின் படிகளைக் கணக்கில்லாமல் ஏறி இறங்கியிருக்கிறாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர்களுக்குப் பேசாமலிருப்பதற்கும் ஒரு பாஷை உண்டு.

அடுத்தபடி எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் கடற்படைத் தளபதியாக இருந்தார். 1852-ல் பர்மா யுத்தத்தின்போது காலராவில் மாண்டார். அவரை அடக்கம் செய்திருப்பது திருகோணமலையில். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தக் கல்லறையைப் பார்க்காமல் போகலாமா?

“யாரோட தம்பி?” என்று கேட்டாள் மனைவி.

விளக்கினேன்.

“அந்தம்மா எழுதினதைப் படிச்சாப் போதாதா? தம்பியையும் பார்க்கணுமா?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆட்டோ ஓட்டிய பையன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தான். பிறகுதான் கேட்டான்:

“அம்மா, நீங்கள் இந்தியாவிலை எவடம்?”

“திருச்சிப் பக்கம் தம்பி. செட்டிகுளம்.”

ஆட்டோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் தோள்கள் அசையாமல் நின்றுவிட்டதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன்.

“எந்தச் செட்டிகுளம்?” என்றான்.

எங்கள் ஊருக்கு எதிரில் யாரும் அந்தக் கேள்வியைப் போட்டதில்லை. “ஏன் தம்பி, இங்கேயும் ஒரு செட்டிகுளம் இருக்குதா?” என்று என் மனைவி சந்தோஷமாகவே கேட்டாள்.

“இருக்குது அம்மா. வவுனியாவுக்கு அங்காலை. நாங்கள் அங்கை ஒரு வருஷத்துக்கு மேலை இருந்தனாங்கள்” என்றான். பிறகு, “முள்ளுக்கம்பிக்குள்ளை” என்று சேர்த்துக்கொண்டான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இலங்கையிலும் ஒரு செட்டிகுளம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதையில் அது ஒரு ஸ்டேஷன். 1914 முதல் 1964 வரையில் சென்னையில் டிக்கெட் வாங்கினால், திருச்சி வழியாகத் தனுஷ்கோடி போய், கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, கொழும்பு வரையில் போகலாம். போட் மெயில் என்று சொல்வார்கள். நம் பக்கத்திலிருந்து போனவர்கள் ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், ஒரு பலகையில் ‘செட்டிகுளம்’ என்று எழுதியிருக்கும். எங்கள் ஊர்க்காரர் யாராவது அதைப் பார்த்துவிட்டு, ஊருக்கே திரும்பிவிட்டோமோ என்று திடுக்கிட்டிருப்பார் என்று நினைத்து நான் சிரித்ததுண்டு.

ஆனால் அந்த நாட்டில் இன்று அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் ரயில் ஞாபகம் வருவதில்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வன்னியிலிருந்து வெளியே வந்த ஏறக்குறைய மூன்று லட்சம் ஜனங்களில் பெரும்பாலோரைச் செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாம் என்ற இடத்தில் காடு வெட்டிக் கூடாரம் அடித்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு வைத்தார்கள். குடிதண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. அந்த ஆகஸ்டு மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாமை மூடியது 2012 செப்டம்பரில்தான். அந்த முகாமின் பகுதிகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் தெரியுமா? கதிர்காமர், ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம்! நடராஜர் நடனத்தின் தத்துவத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பெரியவருடைய பெயர் முள்கம்பிக்குள் ஒரு விலாசமாகிவிட்டது.

“அப்போ உனக்கு என்ன வயசு?” என்று கேட்டாள் என் மனைவி. அவளுடைய குரலில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

“பதினொண்டு.”

“பள்ளிக்கூடம்?”

“கூடாரத்துக்குள்ளை நடந்தது அம்மா. மரத்துக்குக் கீழையும் நடந்தது.”

கல்லறைச் சுவர் ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. சார்ல்ஸ் ஆஸ்டின் அங்கேதான் இருந்தாரோ என்னவோ, நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. பையன் கொஞ்ச நேரம் கழித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிற வழியில்தான் தங்கள் வீடு இருப்பதாகவும், விருப்பமானால் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னான். “அம்மா சந்தோஷப்படுவா” என்றான்.

எனக்கு யோசனையாக இருந்தது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு என்று படித்திருந்தேன். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. இப்படிப்பட்ட அம்மாளுக்கு முன்னால் போய், கப்பலில் உல்லாசமாக வந்த இரண்டு பேர் என்ன பேசுவது? அதுவும் எங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு!

“போலாம் தம்பி” என்றாள் என் மனைவி.

தகரக் கூரை போட்ட சின்ன வீடு. வாசலில் பெருக்கின அடையாளம் அழியாமல் இருந்தது. அந்த அம்மாள் தாழ்வாரத்தில் சுளகை முன்னால் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பையன் வண்டியை நிறுத்தாமலே, “அம்மா, இவையள் செட்டிகுளத்து ஆக்கள்!” என்று கத்தினான்.

அவள் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. எழுந்திருக்கவும் இல்லை, வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. எங்கள் கால் செருப்பிலிருந்து தலைவரையில் பார்த்தாள். முகாமில் தன்னைப் பார்த்தவர்களா, காவல் இருந்தவர்களா, பெயர் எழுதிக்கொண்டு போனவர்களா என்று அந்தக் கண்கள் தேடின.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தாழ்வாரத்தில் ஏறினாள். “அக்கா, அந்தச் செட்டிகுளம் இல்லை. எங்க ஊரு அக்கரையில, திருச்சிக்குப் பக்கத்துல இருக்கு. பேருதான் ஒண்ணு” என்றாள்.

அந்த அம்மாள் முகத்தில் தசைகள் தளர்ந்தன. “வாங்கோ, இருங்கோ” என்று பாயை எடுத்துப் போட்டாள். என் மனைவி பாயில் உட்காரவில்லை. சுளகுக்கு மறுபக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது அவள் சுபாவம். வெங்காயத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

“உங்கட செட்டிகுளத்திலை என்ன விசேஷம்?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“இதுதான்” என்று வெங்காயத்தை உயர்த்திக் காட்டினாள் என் மனைவி.

அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தாள். அதன் பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் நானும் அந்தப் பையனும் தேவைப்படவில்லை. பட்டறை என்றால் என்ன, காற்று எப்படிப் போகும், மழைக்கு என்ன செய்வது என்று இவள் சொன்னாள். தங்கள் பக்கத்தில் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிடுவோம் என்று அவள் சொன்னாள். விதைக் காயை எப்படிப் பொறுக்குவது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். எருவைப் பற்றி ஒரு சின்ன தர்க்கம்கூட நடந்தது. அதில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது வளையிலை விதை வெங்காயம் கட்டினபடி கிடந்தது” என்று அந்த அம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். “ரெண்டு நாளிலை திரும்பிடுவம் எண்டுதான் நினைச்சம். இவர் சொன்னார், அதை ஏன் தூக்கிறாய், வந்து நடலாம் எண்டு.”

‘இவர்’ சுவரில் படமாக இருந்தார். அதற்குக் கீழே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகாம் வரையில் வந்து சேர்ந்தது தாயும் பிள்ளையும்தான். வழியில் நடந்ததை அவள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. 2010-ல் வெளியே விட்டார்கள். அக்காள் வீடு இருந்ததால் திருகோணமலைக்கு வந்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் சுளகில் தோல் விழுகிற சப்தம்தான் கேட்டது. பிறகு அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

“நிவாரணச் சாமானோடை ஒரு நாள் நாலைஞ்சு வெங்காயம் வந்தது. ஒண்டு முளைவிட்டிருந்தது. அதைச் சமைக்க மனம் வரேல்லை. ஒரு பால்மா டின்னை வெட்டி, மண் போட்டு, கூடார வாசலிலை நட்டன். குடிக்கிற தண்ணியிலை ஒரு வாய் அதுக்கு. அது தாள் விட்டுது அக்கா. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையள் எல்லாம் வந்து பாத்துக்கொண்டு நிப்பினம்.” அவள் என் மனைவியை நிமிர்ந்து பார்த்தாள். “செட்டிகுளத்திலை நானும் வெங்காயம் போட்டனான்.”

என் மனைவி பதில் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் ஒரு சௌகரியம், யாரும் காரணம் கேட்பதில்லை.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம். புட்டு, அந்த வெங்காயத்தை இடித்து மிளகாயும் தேங்காயும் சேர்த்த சம்பல். கப்பலின் பதினோரு தளத்திலும் அப்படி ஒரு ருசியை நான் காணவில்லை. புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு பிடி விதைக் காயைப் பொறுக்கி எடுத்து, “உங்கட செட்டிகுளத்து மண்ணிலை ஒருக்கா வைச்சுப் பாருங்கோ” என்று நீட்டினாள். விதையும் காயும் நாடு விட்டு நாடு கொண்டு போகக் கூடாது என்று பையன் நினைவூட்டினான். அவள் கை நீட்டினபடியே நின்றது. என் மனைவி அதிலிருந்து ஒரு காயை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, முற்றத்தில் கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் மண்ணைக் கிளறி நட்டாள். “இது நான் வச்சது. தண்ணி ஊத்துங்க அக்கா” என்றாள்.

“ஊத்திறன்” என்றாள் அவள். பிறகு வாசல் வரையில் வந்து, “எங்கட செட்டிகுளத்திலையும் நல்ல சனங்கள் இருக்கினம். கம்பிக்கு வெளியிலை நிண்டு எங்களுக்குச் சோத்துப் பார்சல் எறிஞ்சவையும் இருக்கினம். ஊர் என்ன செய்யும், பாவம்” என்று சொன்னாள். எங்கள் ஊரிடம் சொல்லிவிடச் சொல்கிற மாதிரி இருந்தது அது.

பையன் துறைமுக வாசலில், காலையில் பேசின தொகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான். மணி 4 ஆக ஐந்து நிமிஷம் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், கப்பல் பிரயாணிக்கு ஓர் ஊர் ஒரு பகல்தான் கிடைக்கிறது. அந்த ஒரு பகலில் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிடலாம்; அவை எங்கேயும் போய்விடாமல் நிற்பவை. ஆனால் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று அந்த ஊர் நம்மைத் திருப்பிக் கேட்கிறதே, அதற்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து உச்சரித்து வந்த ஒரு பெயர், கடலுக்கு அந்தப் பக்கத்தில் வேறு கனமாகக் கனக்கிறது என்பது எனக்கு அந்தக் கேள்வியால்தான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெயரை இப்போது சொல்லும்போதெல்லாம் எனக்குக் கரும்பும் ஞாபகத்துக்கு வருகிறது, பால்மா டின்னும் ஞாபகத்துக்கு வருகிறது.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு எதிரில் கோயமுத்தூர்த் தம்பதிகள் உட்கார்ந்திருந்தார்கள். புறாத் தீவுக்குப் போய் வந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். பவளப் பாறையும் வண்ண மீன்களும் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன. காட்டி முடித்ததும் அந்தப் பெண்மணி, “நீங்க எங்கே போனீங்க? பஸ்ஸில் காணோமே?” என்று விசாரித்தாள்.

“ஊர்க்காரங்க வீட்டுக்குப் போயிருந்தோம்” என்றாள் என் மனைவி.

“அட, இங்கே உங்களுக்கு ஊர்க்காரங்க இருக்காங்களா?”

“இருக்காங்க. செட்டிகுளத்துக்காரங்க” என்று சொல்லிவிட்டு, ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.